சாவித்ரி பேரில் ஒரு புடவை

வலியசாலை அக்ரஹாரத்தில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். முன்னால் பார்த்தால் அகலமே இருக்காது. உள்ளே நுழைந்தால் போய்க்கொண்டே இருக்கும். ரேழி, கூடம், பூஜை அறை, அடுக்களை, கிணற்றடி, கடைசியில் பின் சந்துக்குத் திறக்கிற ஒரு குட்டைக் கதவு. நடுப்பகலிலும் கூடத்தில் விளக்குப் போட்டால்தான் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். 2007 ஜூன் மாதம், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் ராஜஸ்ரீ வலது காலை எடுத்து வைத்தாள்.

கல்லிடைக்குறிச்சிப் பெண். முப்பது வயது முடிந்தும் ஜாதகம் எதுவும் பொருந்தி வரவில்லை. வெங்கிடேஷ் இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தபோது அவள் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர், சொந்த வீடு, கார். சிகரெட் கிடையாது, குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. முதல் மனைவி சாவித்ரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாக பஸ் பிடித்துக் கல்லாற்றுக்குப் போனவள், பாறையில் வழுக்கி ஆற்றோடு போய்விட்டாள். அன்றைக்கு வெங்கிடேஷ் ஆபீசில் இருந்தானாம். அவளுக்குக் குழந்தை பாக்கியம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம், அந்த வருத்தத்தில்தான் எங்கேயோ மனசு போய் நடந்திருக்கிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பெண் வீட்டார் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

வாசல் நிலைக்கு மேலே டிபன் டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி ஆணி அடித்து மாட்டியிருந்தது. ராஜஸ்ரீ அதன் கீழே தாண்டும்போது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி கண் சிமிட்டியது.

"ஏன்னா, இது என்ன?"

"ஆபீஸ் சாமான். டெஸ்ட் பண்ண வச்சிருக்கேன். ஸாரமில்லை, நீ தொடாம இருந்தா மதி, அது போதும், கேட்டியா?"

பூஜை அறை நிலையில் ஒன்று, பின்கதவில் ஒன்று, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒன்று, காரில் ஒன்று. புதுப் பெண்ணுக்கு அதையெல்லாம் தோண்டித் துருவுகிற தைரியம் ஏது? 

முதல் மாதம் முழுக்க அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. "இன்னிக்குச் சாலைக் கடைத்தெருவில மூணு கடை ஏறி இறங்கியிருக்கியே, கால் வலிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வருவான். "குடையை எடுக்காம போயிட்டே, நனைஞ்சுட்டியா?" என்பான். இவ்வளவு கவனிக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப் போனாள், ஏமாந்த சோணகிரி! பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த புடவைகளை எல்லாம் அவன் பாத்திரக்காரியிடம் தூக்கிக் கொடுத்தபோதுகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. "பழசெல்லாம் எதுக்கு? உனக்கு எல்லாம் புதுசா வாங்கித் தரேன்" என்றான். வாங்கியும் தந்தான். புடவை, செருப்பு, குடை, கைப்பை எல்லாம் ஒரே முதலாளியின் கடைகளிலிருந்து. ஊரெல்லாம் அந்த முதலாளிக்குக் கிளைகள். துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், புத்தகக் கடை எல்லாம் வைத்திருந்தான். அந்தக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது வெங்கிடேஷின் கம்பெனி.

மூன்றாம் மாதம் பேச்சின் ருசி மாறியது.

"கோவில்லேந்து கிளம்பி ஆத்துக்கு வர இருபது நிமிஷமா? வழியில யார்?"

"பின்கதவை எதுக்குத் திறந்தே, பதினொண்ணேகாலுக்கு?"

தெரு நீளத்துக்கும் ஜன்னல்கள். அக்ரஹாரத்தில் யார் எந்த வீட்டுப் படி ஏறினார்கள் என்பதைப் பார்க்கவென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு தாணு மாமா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாவது வாசலில் உட்கார்ந்திருப்பார். வேறு என்ன நினைப்பாள்? யாரோ வத்தி வைக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அதுவும் யார் மேல் சந்தேகம் விழுந்தது தெரியுமோ? எலிசாள் மேல்.

எலிசாள் பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நாலு வீட்டில் துணி தோய்க்கிறவள். ஐம்பது வயசு. அந்த வீட்டில் ராஜஸ்ரீயிடம் வாய்விட்டுச் சிரித்துப் பேசின ஒரே மனுஷி. அவளைத்தான் ராஜஸ்ரீ கிணற்றடியில் நிறுத்தி வைத்துக் கேட்டாள், நாக்கில் நரம்பில்லாமல்: "சாருக்கு என்னைப் பத்திச் சொல்றதுக்கு நீ எவ்வளவு வாங்கறே?"

எலிசாள் பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே வாளியில் போட்டாள்.

"உங்க சாருக்க மொகத்த நேருக்கு நேரா பாத்து நான் ஒரு வார்த்தை பேசினதில்ல மக்களே. முந்தி இருந்த பிள்ளையும் இந்தக் கெணத்தடியில நின்னு இதே கேள்வியத்தான் கேட்டா. அப்பம் நான் அழுதேன். இப்பம் அழமாட்டேன்."

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பின் சந்தில் அடுத்த வீட்டுக் கிணற்றடியில் மட்டும் அவள் துணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பரில் நாள் தள்ளிப்போயிற்று. ஒரு வாரம், பத்து நாள், பன்னிரண்டு நாள். ராஜஸ்ரீ யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நிச்சயமான பிறகு முதலில் அவர் காதில்தான் சொல்ல வேண்டும் என்று ஆசை. சூப்பர் மார்க்கெட் மருந்துப் பக்கத்தில் அந்தப் பரிசோதனைப் பெட்டியை வாங்கிக் கைப்பையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தாள். விடியற்காலையில் பார்த்தால்தான் சரியாகக் காட்டும் என்று கடைப்பெண் சொல்லியிருந்ததால், பிரிக்காமல் பீரோவுக்குள் ஒளித்தாள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு வெங்கிடேஷ் வந்து நின்றான். கையில் போளிப் பொட்டலம்.

"என்ன ஆச்சு?"

"எது?"

"டெஸ்ட்."

அவள் கண் பீரோப் பக்கம் போயிற்று. பெட்டியை இன்னும் அவளே பிரிக்கவில்லையே!

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? உன்னைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும், ராஜி" என்று சிரித்தான்.

எலிசாள் நின்று இரண்டு மாதம் ஆயிற்று. கடையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தானே அறியும் முன்னால் இன்னொருத்தன் அறிந்துகொண்டு போளி வாங்கி வந்திருக்கிறான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொல்லக் கிடைக்கிற வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டான். அன்று அவள் அழுத அழுகை சந்தோஷ அழுகை என்று அவன் நினைத்தான். மறுநாள் காலை இரண்டு கோடு தெரிந்தது.

செய்தி கேட்டு, கரமனையிலிருந்து வெங்கிடேஷின் அக்கா கோமதி ஓடி வந்தாள். வந்தவள் பூஜை அறை வாசலில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"சுமங்கலியாப் போனவளுக்கு ஒரு புடவை வைக்கலையேடா! கல்யாண அவசரத்தில விட்டுப்போச்சு. இப்பவாவது சுமங்கலிப் பிரார்த்தனை பண்ணணும். அவ வயிறு குளிரலைன்னா இவ வயிறு எப்படி நிறையும்?"

வழக்கம் தெரிந்ததுதானே. சுமங்கலியாகச் செத்தவளுக்குப் புதுப் புடவை எடுத்து, நனைத்து மடியாக உலர்த்தி, கொசுவி மணையில் வைத்து, பூவும் மஞ்சளும் சாத்தி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே பேசாமல் உட்கார வேண்டும். உள்ளே அவள் வருவாள். எடுத்துக்கொள்வாள். போவாள். பிறகு அந்தப் புடவையை வீட்டுப் பெண் யாராவது கட்டிக்கொள்ளலாம்.

துணிக்கடைக்கு மூன்று பேரும் போனார்கள். அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம். வெங்கிடேஷ் பணம் கொடுக்கப் போனபோது கோமதி அவன் கையைப் பிடித்தாள்.

"அவ பேரைச் சொல்லி எடுடா. அவளுக்குன்னு எடுக்கறது அவ பேர்லதான் இருக்கணும்."

அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு பில் போடுகிற பெண்ணிடம், "சாவித்ரி" என்றான்.

அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். "சேச்சி பேரு சிஸ்டத்தில உண்டல்லோ சார். பழைய அட்டைதான். அதிலேயே கேற்றி பில் போடட்டே?"

"ம்" என்றான் வெங்கிடேஷ்.

பிரார்த்தனை ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து நெய்யும் வெல்லமும் காய்ந்த வாசனையில் ராஜஸ்ரீக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பூஜை அறைக் கதவைச் சாத்தினார்கள். கூடத்தில் ஒன்பது பெண்கள் வாய் திறக்காமல் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெற்றிலை போதவில்லை என்று வெங்கிடேஷைச் சாலைக் கடைத்தெருவுக்குத் துரத்தினாள் கோமதி. ராஜஸ்ரீயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாடிக்குப் போய்ப் படுத்துக்கோடி" என்று கிசுகிசுத்தாள்.

மாடி அறை அவனுடைய வேலை அறை. எப்போதும் பூட்டியிருக்கும். அவசரத்தில் போனவன் பூட்ட மறந்திருந்தான். மேஜை மேல் லேப்டாப் திறந்தபடி இருந்தது.

திரை நிறைய வரிகள். அவள் அதில் முதலில் பார்த்தது தன் பெயரை.

ராஜஸ்ரீ. பச்சைப் புடவை. வாசல். வெளியே. 10.12.

ராஜஸ்ரீ. கைப்பை, செருப்பு. சூப்பர் மார்க்கெட். உள்ளே. 10.31.

ராஜஸ்ரீ. பச்சைப் புடவை, கர்ப்பப் பரிசோதனைப் பெட்டி. வாசல். உள்ளே. 11.04.

அவள் கட்டியிருந்ததும் அந்தப் பச்சைப் புடவைதான். முந்தானைக்கு எதிர்ப்பக்கத் தலைப்பில், தோய்க்கும் முறை அச்சடித்த துணிச்சீட்டு தைத்திருக்கும். இத்தனை நாள் கண்ணில் பட்டும் படாமல் இருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே நகக்கண் அளவில் ஒரு தகடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் மயிரிழை போலக் கம்பி. வாசல் பெட்டி கண் சிமிட்டுவது இதைப் பார்த்துத்தான். ஆறு மாதமாக அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் கோவில் பிரதட்சிணம் செய்திருக்கிறாள். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து அதைத்தான் கட்டியிருக்கிறாள். அவனோடு படுத்திருக்கிறாள்.

அடப்பாவி! கவனிப்பு என்று நினைத்தாளே, இதுவா கவனிப்பு? மாட்டுக்குக் காதில் கட்டுகிற வில்லையை அவளுக்குப் புடவையில் கட்டியிருக்கிறான். பாவம், அந்த எலிசாளை வாய்க்கு வந்தபடி பேசினாளே!

அப்போது திரையின் அடியில் ஒரு புது வரி விழுந்தது.

சாவித்ரி. அரக்குப் புடவை. பூஜை அறை. வெளியே. 12.17.

ராஜஸ்ரீ எழுந்து மாடிப்படி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பூஜை அறைக் கதவு சாத்தியபடிதான் இருந்தது. ஒன்பது பெண்களும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அசையவில்லை.

திரும்பி வந்தாள்.

சாவித்ரி. அரக்குப் புடவை. பின்கதவு. உள்ளே. 12.18.

பின்கதவில் காலையிலேயே தாழ்ப்பாள் போட்டது அவள்தான்.

மாடிப்படியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாசனை வந்தது. நெய் இல்லை, பூ இல்லை. மழைக்குப் பிறகு ஆற்றில் வருகிற செம்மண் தண்ணீர் வாசனை. பாசி பிடித்த கல்லின் வாசனை. அது படி படியாக ஏறி வந்தது.

படி முடிகிற இடத்தில் பெட்டியின் பச்சைப் புள்ளி சிமிட்டியது.

சாவித்ரி. அரக்குப் புடவை. மாடி. உள்ளே. 12.19.

ராஜஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

திரையில் வரிகள் தாமாக மேலே ஓட ஆரம்பித்தன. அவள் கை மடியில்தான் இருந்தது. இந்த வருஷம் போயிற்று, போன வருஷம் போயிற்று. 2005 ஆகஸ்டில் வந்து நின்றது.

சாவித்ரி. நீலப் புடவை, கர்ப்பப் பரிசோதனைப் பெட்டி. வாசல். உள்ளே.

பக்கத்தில், குறிப்பு எழுதுகிற கட்டத்தில், அவன் தட்டியிருந்தான்: 'இரண்டு கோடு. புத்தகக் கடையில் இவள் பக்கத்தில் 14 நிமிஷம் ஒரு 42 சைஸ் சட்டை. யார்?'

ஒரு வாரம் கழித்து:

சாவித்ரி. நீலப் புடவை. கார். உள்ளே. 1.05.

வெங்கிடேஷ். ஆபீஸ் அடையாள அட்டை. கார். உள்ளே. 1.05.

சாவித்ரி, வெங்கிடேஷ். கல்லாறு கிளைக் கடை. உள்ளே. 2.50.

வெங்கிடேஷ். ஆபீஸ் அடையாள அட்டை. கார். உள்ளே. 3.40.

அதற்குக் கீழே நீலப் புடவைக்கு வரியே இல்லை.

மலடி என்று ஊர் முழுக்கச் சொன்னானே! ஆபீசில் இருந்தேன் என்று அழுதானே! பிள்ளையாண்டிருந்தவளை, கடையில் பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஒரு சட்டைக்காக, காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

பின்னால் சொட்டுகிற சத்தம் நின்றது.

சாவித்ரி. அரக்குப் புடவை. மாடி. வெளியே. 12.26.

கீழே கதவு திறக்கிற சத்தமும் கோமதியின் குரலும் கேட்டன. ராஜஸ்ரீ தட்டுத் தடுமாறி இறங்கி வந்தாள். மணை மேல் அரக்குப் புடவை கொசுவினது கலையாமல் இருந்தது. ஆனால் அதன் அடிக்கரை முழுக்க ஈரம். மணையைச் சுற்றி ஆற்று மணல்.

"வந்துட்டுப் போயிருக்கா" என்று கோமதி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஏத்துண்டுட்டா. இனிமே ஒரு குறையும் வராது."

வெற்றிலைக் கட்டோடு வாசலில் நின்ற வெங்கிடேஷ் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை.

"ராஜி, போன பதினாலாம் தேதி புத்தகக் கடையில உன் பக்கத்தில பன்னண்டு நிமிஷம் ஒரு நாற்பதாம் நம்பர் சட்டை நின்னுண்டிருந்தது. யாரது?"

அவளுக்கு நினைவே இல்லை. யாராவது நின்றிருப்பார்கள். கடை என்றால் யாரும் நிற்கத்தானே செய்வார்கள்?

"தெரியலையே."

"சரி, விடு." அவள் வயிற்றின் மேல் கையை வைத்தான். "ஞாயித்துக்கிழமை கல்லாறு வரைக்கும் கார்ல போயிட்டு வருவோம். உனக்கும் நல்ல காத்து."

அன்று ராத்திரி முழுக்க அவள் தூங்குவது போலக் கிடந்தாள்.

சனிக்கிழமை அவனுக்கு அரைநாள் ஆபீஸ். கார் சத்தம் தெருக்கோடியில் தேயும் வரை காத்திருந்தாள். யாரிடம் சொல்வது? புருஷனைக் குறை சொல்ல ஒரு பெட்டியும் ஒரு பேயும் சாட்சி என்றால் போலீஸ்காரன் சிரிப்பான். முதலில் உயிரோடு இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், வயிற்றில் இருப்பதும் போக வேண்டும். ஆனால் எதைக் கட்டிக்கொண்டு போவது? பீரோவில் இருக்கிற ஒவ்வொரு துணியும் அவனுக்கு ஆள் காட்டும். ரவிக்கை, பாவாடை, செருப்பு, குடை எதை நம்புவது?

கிணற்றடிக்குப் போய் மதில் பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் துணி அடிக்கிற சத்தம்.

"எலிசாள்."

சத்தம் நின்றது. 

"உன்னை அன்னிக்கு அப்படிக் கேட்டேனே, என் நாக்கு அழுகிப்போகணும். நீ சொல்லலை. என் புடவைதான் சொல்லியிருக்கு. எல்லாத் துணியிலயும் வச்சுத் தைச்சிருக்கான் எலிசாள். நாளைக்கு என்னைக் கல்லாத்துக்குக் கூட்டிண்டு போறானாம்."

 மதில் தாண்டி ஒரு பை வந்து விழுந்தது. எலிசாள் வேலை முடிந்து மாற்றிக் கட்டுகிற பழைய கைத்தறிச் சேலையும் ரவிக்கையும் பாவாடையும் உள்ளே இருந்தன.

"சீக்கிரம் மாத்து மக்களே. இது திங்கச் சந்தையில எடுத்த சீல. இதுக்குப் பேசத் தெரியாது."

பச்சைப் புடவையைக் கொடியில் உலர்த்துவது போலப் போட்டாள். கால் செருப்பைக் கழற்றி அதன் கீழே வைத்தாள். வெறுங்காலோடு பின்கதவைத் தாண்டினாள். பெட்டியின் பச்சைப் புள்ளி சிமிட்டவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறும் வரை எலிசாள் அவள் கையை விடவில்லை. பாறசாலை வரை கூடவே உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது, "அந்தப் பிள்ளைக்கும் நான் ஒரு சீல குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியில் போன் அடித்தது. கோமதி.

"ராஜி? நீயா? நீ அங்கேயா இருக்கே?"

"நேத்திக்கே வந்துட்டேன் அக்கா."

மறுமுனையில் மூச்சு இரைத்தது.

"அப்போ அவன்கூடக் கார்ல போனது யாருடி?"

"என்ன சொல்றேள்?"

"தாணு மாமா பார்த்திருக்கார். தெருவே பார்த்திருக்கு. நேத்தி மத்தியானம் ஆபீஸ்லேந்து வந்தவன் லேப்டாப்பைப் பார்த்துண்டே வாசலுக்கு ஓடி வந்திருக்கான். நீ பச்சைப் புடவையோட முன் சீட்டில உட்கார்ந்திருந்தியாம். தலையைக் குனிஞ்சுண்டு. அவனும் ஏறிண்டு போயிருக்கான். காலம்பற கல்லாத்தங்கரையில காரைக் கண்டுபிடிச்சிருக்கா. கதவு திறந்திருக்கு. முன் சீட்டில உன் புடவை, மடிச்சு வச்சாப்பல, நனைஞ்சு கிடக்கு. அவனைக் காணலை ராஜி. என் தம்பியைக் காணலை."

ராஜஸ்ரீக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. "அக்கா, சாவித்ரி உண்டாகியிருந்தா. உங்க தம்பிக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அவன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. கோமதி அந்த வீட்டைப் பூட்டியவள் பிறகு அந்தத் தெருவுக்கே போகவில்லை.

அடுத்த வருஷம் ஜூலையில் ராஜஸ்ரீக்குப் பெண் பிறந்தது. அது பிறந்ததிலிருந்து கடையில் வாங்கின எதையும் அவள் தையல் பிரித்துப் பார்க்காமல் அதன் மேல் போட்டதில்லை. அம்மா பைத்தியம் என்று திட்டினாள். திட்டட்டும்.

2009 ஆகஸ்டு. ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. தெரியாத நம்பர்.

"ராஜஸ்ரீ மேடம் தானே? ஞான் ஷிபின். வெங்கிடேஷ் சாரோட டீம்ல இருந்தவன். தமிழ் கொஞ்சம் தப்பா வரும், ஷெமிக்கணும். ஒண்ணு கேக்கணும். வலியசாலை வீட்டில இப்ப யாரு தாமசம்?"

"யாருமில்லை. பூட்டித்தான் இருக்கு."

"வாடகைக்கு விட்டிட்டில்லையா?"

"இல்லை. ஏன்?"

"அந்தப் பெட்டி டிரையல் எல்லாம் நிறுத்தியாச்சு மேடம். இன்னைக்கு சர்வரை மூடணும். அதுக்கு முன்னாடி பாத்தா, உங்க வீட்டு வாசல்லேந்து தினமும் வரி வந்துட்டே இருக்கு. சாயங்காலம் மூணு நாற்பதுக்கு. முதல்ல சாவித்ரி மேடம் பேரு. பின்னாலயே சாரோட அட்டை. எப்பவும் மேடத்துக்குப் பின்னாடிதான் சார். அது ரெண்டும் பழைய கோளாறுன்னு விட்டேன். மூணாவதா ஒண்ணு வருது."

"மூணாவதா?"

"பேர் பதிவு இல்லை மேடம். போன வருஷம் ஜூலையிலேந்து. முதல்ல அது சாவித்ரி மேடத்தோட அதே செகண்ட்ல வரும், தூக்கிட்டு வர்ற மாதிரி. இப்ப ரெண்டு வாரமா, நாலஞ்சு செகண்ட் தள்ளி, தனியா வருது."

கூடத்தில் ராஜஸ்ரீயின் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. கையை விட்டது. இந்த இரண்டு வாரமாகத்தான் நடக்கிறது. நாலு எட்டு வைத்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டது. ராஜஸ்ரீ அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். 

"ஷிபின், ஒரு உபகாரம் பண்ணுங்கோ. அந்தப் பெட்டியைக் கழட்டி எறிஞ்சிடுங்கோ. அவா எப்போ வரா, எப்போ போறான்னு இனிமே யாரும் பார்க்கவேண்டாம்."

மறுமுனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"மேடம்," என்றான் ஷிபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "போலீஸ் கேஸ் சமயத்திலேயே எல்லாத்தையும் கழட்டிக் கொண்டு வந்தாச்சு. அஞ்சு பெட்டியும் கரண்ட் இல்லாம என் மேஜைக்குக் கீழேதான் கிடக்கு."